பாடம் போய்ச் சேர்ந்ததா?

மலர்க் குழுவினர் என்னிடம், "ஒரு வரலாற்றுக் கட்டுரை வேணும் சார். ஆனா சோழர் காலம், பாண்டியர் காலம்னு போயிடாதீங்க, பசங்க புரட்டிட்டுப் போயிடுவாங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். முப்பது வருஷம் வரலாறு நடத்தியவனுக்கு இது கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அவர்கள் சொன்னதில் நியாயம் உண்டு. ஆகவே இன்று நம் கல்லூரியில் படிக்கிற மாணவ மாணவிகள் தாங்களே அனுபவித்த ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடியபோது இவர்கள் எல்லாம் பள்ளிப் பிள்ளைகள். பாடம் டி.வி.யில் வந்தது, செல்போனில் வந்தது, சில வீடுகளுக்கு வரவே இல்லை. "உலகத்துலயே இப்படி ஒண்ணு இதுக்கு முன்னாடி நடந்ததில்லை" என்று நம் வயதுக்காரர்கள் பலர் அப்போது பேசிக்கொண்டோம். நடந்திருக்கிறது. கொள்ளைநோய், புயல், பூகம்பம் என்று ஊரே நிலைகுலைந்த காலத்தில், கையில் அகப்பட்ட கருவியை வைத்துப் பாடத்தை விடாமல் நடத்திய ஊர்கள் உண்டு. அவற்றில் சிலவற்றை வரிசையாகச் சொல்கிறேன். வாசிக்கும்போது ஒரு கேள்வியை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பாடம் வாத்தியாரிடமிருந்து கிளம்பியது சரி. பிள்ளை திருப்பிக் கேட்க ஒரு வழி இருந்ததா?

சிகாகோவின் ரேடியோ வகுப்பு

1937-ஆம் ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் அமெரிக்காவின் சிகாகோ நகரத்தில் போலியோ பரவியது. நம் வீட்டுப் பெரியவர்கள் இளம்பிள்ளை வாதம் என்பார்களே, அதேதான். அன்றைக்கு அதற்குத் தடுப்பு மருந்து கிடையாது. ஜோனஸ் சால்க் உருவாக்கிய தடுப்பூசி பலன் தருகிறது என்ற அறிவிப்பே 1955-ல்தான் வந்தது. குழந்தைகள் கூடுகிற இடங்களை மூடி வைப்பது ஒன்றுதான் தெரிந்த வைத்தியம். எனவே கோடை விடுமுறை முடிந்தும் பள்ளிகளைத் திறக்கவில்லை.

நகரத்தின் பள்ளிக் கண்காணிப்பாளராக இருந்தவர் வில்லியம் ஜான்சன். அவரும் ஆசிரியர்களும் ரேடியோவைப் பிடித்தார்கள். உள்ளூர் வானொலி நிலையங்கள் காசு வாங்காமல் நேரம் ஒதுக்கிக் கொடுத்தன. 3-ஆம் வகுப்பு முதல் 8-ஆம் வகுப்பு வரை படித்த சுமார் 3,15,000 பிள்ளைகளுக்குச் செப்டம்பர் 13-ஆம் தேதி ரேடியோவில் பாடம் ஆரம்பமானது. ஒரு பாடம் கால் மணி நேரம். ஒரு நாள் சமூக பாடமும் விஞ்ஞானமும் என்றால், மறுநாள் ஆங்கிலமும் கணக்கும். எந்த வகுப்புக்கு எத்தனை மணிக்கு எந்த நிலையத்தில் பாடம், அதற்கு என்ன கேள்வி, என்ன வீட்டுப்பாடம் என்பதெல்லாம் அன்றன்றைக்குக் காலைப் பத்திரிகையில் அச்சாகி வந்துவிடும். பிள்ளை பத்திரிகையை மடியில் விரித்து வைத்துக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார வேண்டியதுதான்.

இதில் என் மனசில் நின்றது ரேடியோ இல்லை, டெலிபோன். பாடம் புரியாதவர்கள் கூப்பிட்டுக் கேட்கட்டும் என்று கல்வி அலுவலகத்தில் 16 ஆசிரியர்களை டெலிபோன் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். முதல் நாளே ஆயிரத்துக்கு மேல் அழைப்புகள்! சமாளிக்க முடியாமல் இன்னும் 5 ஆசிரியர்களைச் சேர்த்தார்கள். ரேடியோ பாடத்தைக் கொண்டுபோய்ப் போட்டது. அது போய்ச் சேர்ந்ததா, எந்த இடத்தில் இடறியது என்பதை அந்த 21 பேர்தான் காதால் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

குறைகளும் இல்லாமல் இல்லை. சில பகுதிகளில் ரேடியோ சரியாக எடுக்கவில்லை. பாடம் வேகமாக ஓடிவிடுகிறது, எழுதி முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது என்று முறையிட்டார்கள். சில வீடுகளில் ரேடியோவே இல்லை. மூன்று வாரத்துக்குள் நோய் தணிந்து பள்ளிகள் திறந்ததும் பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பினார்கள்.

பேசவும் செய்கிற ரேடியோ

சிகாகோவுக்கு டெலிபோன் இருந்தது. டெலிபோனே இல்லாத இடமென்றால்? இதற்கு விடை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அங்கே நடுப்பாலையில் ஆட்டுப்பண்ணை, மாட்டுப்பண்ணை வைத்திருந்த குடும்பங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே நூறு மைல்கூட இருக்கும். ஆபத்துக்கு டாக்டரைக் கூப்பிட அவர்களுக்கு ஒரு ரேடியோ கொடுத்திருந்தார்கள். ஆல்ஃப்ரெட் டிரேகர் என்பவர் 1929 வாக்கில் செய்த கருவி அது. சைக்கிள் மாதிரி மிதித்தால் மின்சாரம் உண்டாகும். கேட்கவும் செய்யலாம், பேசவும் செய்யலாம்.

டாக்டருக்காக இருந்த அந்த ரேடியோ வலையை வைத்தே 1951-ல் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரில் வானொலிப் பள்ளியை ஆரம்பித்தார்கள். ஆசிரியை கேள்வி கேட்டால் முந்நூறு மைலுக்கு அப்பாலிருந்து ஒரு பையன் பதில் சொல்வான். அவன் சொல்வது மற்ற பிள்ளைகளுக்கும் கேட்கும். அங்கே பேரிடர் எதுவும் இல்லை, தூரம்தான் பிரச்சினை. ஆனாலும் இரண்டு விஷயம் கவனிக்கத்தக்கது. பாடத்துக்கென்று புதுக்கருவி எதையும் அவர்கள் தேடவில்லை, ஏற்கெனவே வீட்டில் இருந்ததை எடுத்துக்கொண்டார்கள். அந்தக் கருவியில் திரும்பிப் பேசவும் வழி இருந்தது.

புயல் கலைத்த கல்லூரிகள்

இனி கல்லூரிக் கதைக்கு வருகிறேன். அமெரிக்காவின் தெற்கே மிஸிஸிப்பி ஆறு கடலை நெருங்குகிற இடத்தில் இருக்கிறது நியூ ஆர்லியன்ஸ் நகரம். ஊரில் ஏறக்குறைய பாதி, கடல் மட்டத்துக்குக் கீழே. கரை கட்டித்தான் தண்ணீரைத் தடுத்து வைத்திருக்கிறார்கள். 2005 ஆகஸ்ட் 29, திங்கட்கிழமை காட்ரீனா புயல் தாக்கியது. கரைகள் உடைந்தன. நகரத்தில் சுமார் 80 சதவீதம் தண்ணீருக்குள் போய்விட்டது.

அதற்கு இரண்டே நாள் முன்பு, ஆகஸ்ட் 27 சனிக்கிழமை, அங்குள்ள டுலேன் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தார்கள். விடுதியில் பிள்ளையைக் கொண்டுபோய் விட்ட பெற்றோர் யாரைக் கேட்டாலும் அந்த நாள் எப்படியிருக்கும் என்று சொல்வார்கள். பெட்டி, தலையணை எல்லாம் இறக்கி வைத்த அன்றே, "புயல் வருது, எல்லாரும் கிளம்புங்க" என்று சொல்ல வேண்டியதாயிற்று. போக்கிடம் இல்லாத சுமார் 600 மாணவர்களைப் பஸ்ஸில் ஏற்றி, பக்கத்து மாநிலத்தில் ஜாக்ஸன் நகரத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார்கள்.

1834-ல் தொடங்கிய டுலேன், அமெரிக்க உள்நாட்டுப் போருக்குப் பிறகு முதன்முறையாக ஒரு பருவம் முழுக்க மூடிக்கிடந்தது. அதன் தலைவர் ஸ்காட் கோவன் ஹூஸ்டன் நகரத்திலிருந்து நிர்வாகத்தை நடத்தினார். அவசரத்துக்காக வைத்திருந்த ஓர் இணையப் பக்கம்தான் பல்கலைக்கழகத்துக்கு முகவரி. மாணவர்களும் பெற்றோர்களும் செய்தி தெரிந்துகொண்டது அதில்தான். டுலேன் மாணவர்களை நாடெங்கும் ஏறத்தாழ 600 கல்லூரிகள் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டன.

ஆனால் எல்லா மாணவராலும் இன்னொரு ஊருக்குப் போய்ப் படிக்க முடியுமா? வீட்டை இழந்த குடும்பத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது? வேலை பார்த்துக்கொண்டே படித்தவர்கள் என்ன செய்வார்கள்? அவர்களுக்காக ஒரு காரியம் நடந்தது. ஸ்லோன் அறக்கட்டளை 11 லட்சம் டாலர் கொடுத்தது. தென்மாநிலங்களின் கல்வி வாரியமும், இணையவழிக் கல்வி நடத்திய கல்லூரிகளின் கூட்டமைப்பும் கைகோத்தன. நூற்றுக்கு மேற்பட்ட கல்லூரிகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பாடங்களை, காட்ரீனாவில் அடிபட்ட மாணவர்களுக்கு இணையம் வழியாக இலவசமாக நடத்த முன்வந்தன. புயலடித்து ஆறேழு வாரத்துக்குள் வகுப்பு ஆரம்பித்துவிட்டது. எட்டு வாரத்துக்குள் ஒரு பருவப் பாடத்தைச் சுருக்கி நடத்தினார்கள். சுமார் 1,700 மாணவர்கள் இப்படிப் படித்தார்கள்.

புயலால் படிப்பு நின்றுபோனவர்கள் பல்லாயிரம் பேர். அதில் 1,700 என்பது குறைவுதான். முகாமில் இருப்பவனுக்குக் கம்ப்யூட்டர் ஏது, மின்சாரம் ஏது? இப்படி ஒரு ஏற்பாடு இருப்பதே பலர் காதுக்கு எட்டியிருக்காது. இருந்தாலும் இந்த ஏற்பாட்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் மறுபக்கம் பெயர் சொல்லி அழைக்கக்கூடிய ஓர் ஆசிரியர் இருந்தார். மாணவன் எழுதினால் அவர் பதில் எழுதுவார்.

உள்ளூர்க் கல்லூரிகளும் சும்மா இருக்கவில்லை. ஏரிக்கரையில் இருந்த நியூ ஆர்லியன்ஸ் பல்கலைக்கழகம் அக்டோபரிலேயே இணையவழிப் பாடங்களோடு மறுபடி இயங்க ஆரம்பித்தது. வெள்ளத்தோடு தீவிபத்தும் சேர்ந்து கட்டடங்களை இழந்தது டில்லார்டு பல்கலைக்கழகம். அது 2006 ஜனவரியில் ஆற்றங்கரை ஹோட்டல் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அங்கேயே வகுப்பும் அங்கேயே விடுதியுமாக நடத்தியது! டுலேனும் 2006 ஜனவரி 17-ஆம் தேதி திறந்தது. பத்தில் எட்டுப் பேருக்கு மேல் திரும்பி வந்தார்கள். நாலு மாதம் நாடெங்கும் சிதறிக் கிடந்த பிள்ளைகள், "நம்ம காலேஜ்" என்று திரும்பி வந்தார்கள் பாருங்கள், அதைப் படித்தபோது எனக்கு நம் விடுதியும் நம் மரத்தடியும் ஞாபகம் வந்தன.

பூகம்பத்துக்குப் பிறகு கூடாரம்

நியூஸிலாந்தின் கிரைஸ்ட்சர்ச் நகரத்தில் 2011 பிப்ரவரி 22-ஆம் தேதி மதியம் 12.51-க்குப் பூமி குலுங்கியது. 185 பேர் இறந்தார்கள். கான்டர்பரி பல்கலைக்கழகத்தில் கட்டடங்களைச் சோதித்து முடிக்கிற வரை உள்ளே போக முடியாது. சுமார் மூன்று வாரத்தில், கார் நிறுத்துமிடத்தில் பெரிய பெரிய கூடாரங்கள் அடித்து வகுப்பை ஆரம்பித்தார்கள். விரிவுரைகளையும் குறிப்புகளையும் இணையத்தில் போட்டார்கள். கல்யாணப் பந்தல் மாதிரி ஒரு பக்கம், கம்ப்யூட்டர் ஒரு பக்கம்.

அந்த ஊர்ப் பள்ளிகள் செய்தது நமக்கு நன்றாகவே புரியும். இடிந்த பள்ளியின் பிள்ளைகள், நிற்கிற பள்ளியின் கட்டடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். காலையில் ஒரு பள்ளி, மதியத்துக்கு மேல் இன்னொரு பள்ளி. நம்ம ஊரில் ஷிஃப்ட் என்போமே, அதுதான். வகுப்பறையில் ஆசிரியரோடு உட்கார வைக்கக் கொஞ்சம் வழி இருந்தாலும் அதை அவர்கள் விட்டுவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

ரேடியோ போதாமல் போன இடம்

2014-ல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா நோய் பரவியது. சியர்ரா லியோன் நாட்டில் கோடை விடுமுறைக்கு மூடிய பள்ளிகளைத் திறக்கவில்லை. மறுபடி திறந்தது 2015 ஏப்ரல் 14-ஆம் தேதி. இடையில் 2014 அக்டோபர் முதல் கல்வித்துறையும் யுனிசெஃபும் சேர்ந்து ரேடியோவில் பாடம் ஒலிபரப்பின. சிகாகோவில் மூன்று வாரத்துக்குள் முடிந்தது இங்கே மாதக்கணக்கில் நீண்டது. ரேடியோ இல்லாத வீடுகள் நிறைய. இருந்த வீட்டிலும் பேட்டரி வாங்கக் காசு வேண்டும். பாடம் வருகிற நேரத்தில் பெண் குழந்தை தண்ணீர் எடுக்கப் போயிருப்பாள், அல்லது சந்தையில் ஏதாவது விற்றுக்கொண்டிருப்பாள்.

பள்ளி என்கிற பாதுகாப்பு இல்லாத அந்த மாதங்களில் ஏராளமான சிறுமிகள் கர்ப்பமானார்கள். பள்ளி திறந்தபோது, கர்ப்பிணிகள் வகுப்புக்கு வரக்கூடாது என்று அரசு தடை விதித்தது! மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் நீதிமன்றம் 2019 டிசம்பரில் அது தவறு என்று தீர்ப்புச் சொல்லி, 2020 மார்ச்சில்தான் அந்தத் தடை நீங்கியது. ரேடியோவில் பாடம் நடத்தினோம் என்று ஏட்டில் எழுதிவிடலாம். அந்தப் பெண் எங்கே போனாள் என்று தேடிப்போய்ப் பார்க்க ரேடியோவுக்குக் கால் இல்லையே. பள்ளிக்கூடம் பாடம் மட்டும் சொல்லிக் கொடுக்கிற இடமில்லை, பிள்ளை வந்தாளா என்று தினமும் பேர் கூப்பிட்டுப் பார்க்கிற இடமும் அதுதான் என்பது அப்போது பளிச்சென்று தெரிந்தது.

நம் வீட்டு வாசலில்

இப்போது நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் கல்வித் தொலைக்காட்சி கொரோனாவுக்காக வந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். அது 2019 ஆகஸ்டிலேயே தொடங்கிவிட்டது. அது இருந்ததனால்தான் 2020-ல் பள்ளிகள் மூடிக்கிடந்தபோது டி.வி. வழியாகப் பாடம் நடத்த முடிந்தது. வீட்டுக்கு வீடு டி.வி. இருந்ததும் கைகொடுத்தது. இந்த வகையில் நாம் சிகாகோக்காரர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை.

ஆனால் டி.வி. பெட்டியிடம் கை தூக்கிச் சந்தேகம் கேட்க முடியாது. செல்போனில் கேட்கலாம் என்றால், வீட்டில் இருந்தது ஒரே போன், அதையும் அப்பா வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அக்கா தம்பி இருவருக்கும் ஒரே நேரத்தில் வகுப்பு இருந்தால் யாருக்குப் போன் என்பது ஒவ்வொரு வீட்டிலும் நடந்த பஞ்சாயத்து. பல வீடுகளில் அந்தப் பஞ்சாயத்தின் தீர்ப்பு தம்பி பக்கமே போனது என்பதை அக்காமார்கள் சொல்வார்கள். 1 முதல் 8-ஆம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் பள்ளிக்குத் திரும்பியது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஏறக்குறைய பத்தொன்பது மாதம்! முதல் வகுப்பில் அரிச்சுவடி கற்க வேண்டியவன் மூன்றாம் வகுப்பு வாசலில் வந்து நின்றான்.

அந்தச் சமயத்தில்தான், 2021 அக்டோபரில், 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் மரக்காணத்தில் தொடங்கியது. தன்னார்வலர்கள் தங்கள் தெருப்பிள்ளைகளைச் சாயங்கால நேரத்தில் திண்ணையிலோ, கோயில் மண்டபத்திலோ, வீட்டு மாடியிலோ உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். சிகாகோவில் அந்த 21 ஆசிரியர்கள் டெலிபோனில் செய்ததை இவர்கள் நேரிலேயே உட்கார்ந்து செய்தார்கள். பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே பாடம் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துவிடுமே.

நமக்கு என்ன?

இந்தச் சரித்திரத்தை எல்லாம் அடுக்கிப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது இதுதான். ஆபத்துக் காலத்தில் உதவியது எதுவும் அன்றைக்குப் புதிதாக வாங்கின கருவி இல்லை. ஏற்கெனவே வீட்டில் இருந்த ரேடியோ, டெலிபோன், டி.வி., கம்ப்யூட்டர்தான் உதவின. பாடத்தை அனுப்புவது ஒவ்வொரு தலைமுறைக்கும் சுலபமாகிக்கொண்டே வந்திருக்கிறது. பிள்ளையின் குரல் திரும்பி வருவதற்கு மட்டும் இன்றைக்கும் ஆள்தான் வேண்டியிருக்கிறது. அந்த ஆளை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்த ஊரில் படிப்பு தப்பித்தது.

நம் சங்கத்தில் எல்லா வயதுக்காரர்களும் இருக்கிறோம், எல்லா ஊரிலும் இருக்கிறோம். நாளைக்கே ஒரு வெள்ளமோ புயலோ வந்து கல்லூரி ஒரு மாதம் மூடினால் என்ன செய்வோம் என்று இன்றைக்கே யோசிக்கலாம். மூன்று காரியம் நம்மால் முடியும் என்று நினைக்கிறேன்.

முதலாவது, மாணவர்களின் சேர்க்கைப் பதிவேடு, மதிப்பெண் பதிவேடு எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி வெளியூரில் பத்திரமாக இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ பேருடைய சான்றிதழ்கள் நனைந்து கூழாகி, மறுபடி வழங்க அரசு தனி முகாம்கள் நடத்த வேண்டி வந்தது நினைவிருக்கும்.

இரண்டாவது, போன் இல்லாத, இணையம் எட்டாத மாணவர் யார் யார் என்று ஒவ்வொரு துறையும் ஒரு பட்டியல் வைத்திருக்க வேண்டும். கஷ்டம் வந்த பிறகு கணக்கெடுக்க ஆரம்பித்தால், கணக்கில் வர வேண்டியவன் அதற்குள் வேலைக்குப் போயிருப்பான். இவர்களுக்கு இரவல் கொடுக்கச் சில கருவிகளைச் சங்கம் வாங்கி வைத்தாலும் நல்லதுதான்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரு பழைய மாணவர் ஐந்து மாணவரைப் பேர் சொல்லி ஏற்றுக்கொள்ள வேண்டும். கல்லூரி மூடியிருக்கும் காலத்தில் வாரம் இரண்டு முறை அவர்களைக் கூப்பிட்டு, "என்னப்பா, சாப்பிட்டியா? பாடம் வருதா? எதுல நிக்குது?" என்று கேட்டால் போதும். கெமிஸ்ட்ரி தெரியாவிட்டால் பரவாயில்லை, தெரிந்த ஆளைக் காட்டிவிடலாம். ஒரு வாரம் போன் எடுக்கவில்லையென்றால் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

இந்தச் சந்திப்பின் பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானமாக முன்வைக்க விரும்புகிறேன். நண்பர்கள் ஆதரவு தர வேண்டும். இளைய மாணவர்களிடமும் ஒரு வேண்டுகோள். 2020-லும் 2021-லும் உங்களுக்கு எப்படிப் பாடம் வந்தது, எப்போது நின்றது, யார் உதவினார்கள், கூடப் படித்தவர்களில் யார் அதற்குப் பிறகு பள்ளிக்கு வரவே இல்லை என்பதை எழுதி நம் நூலகத்தில் கொடுத்து வையுங்கள். உங்களுக்குப் பின்னால் வரலாறு எழுதுகிறவனுக்கு அது தேவைப்படும்.